பீடத்துக்குக் கீழே இருக்கும் தண்ணீர்

அலபாமா,
நவம்பர் முதல் சனிக்கிழமை, 1975.

அன்பு மகன் எல்ஜினுக்கு,

அம்மா ஐடெல்லா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் இங்கே நானும் அப்பாவும் சுகம், சுகம் என்றால் இந்த வயதில் எவ்வளவு சுகமாக இருக்க முடியுமோ அவ்வளவு. நீ அந்த அலாஸ்காப் பனியில் மூக்கும் விரலும் உறைந்து போகாமல் முழு ஆளாக இருக்க வேண்டும் என்பதுதான் காலையும் மாலையும் என் ஜெபம். நீ அனுப்பிய கம்பளிப் போர்வை வந்து சேர்ந்தது. அப்பா அதைத் தடவிப் பார்த்துவிட்டு "இதப் போத்துனா நம்ம ஊர்ல வெந்துதான் சாவோம்" என்றார், ஆனால் அன்றிலிருந்து அது அவர் மடியில்தான் கிடக்கிறது, எனக்கு ஒரு மூலைகூடக் கிடைப்பதில்லை. என் முழங்கால் மழைக்கு முன்னால் வலிக்கும் என்பாயே, இந்த வருஷம் மழையே இல்லை, ஆனாலும் வலிக்கிறது, அதற்கும் வயதாகிவிட்டது போல. தோட்டத்தில் கீரை நன்றாக வந்திருக்கிறது, ஒரு உறைபனி விழுந்தால்தான் கசப்பு இறங்கும் என்று பறிக்காமல் வைத்திருக்கிறேன். அப்பா காலையிலேயே துடைப்பமும் சவுக்காரமும் எடுத்துக்கொண்டு சபைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வருவதற்குள் இதை எழுதித் தபாலில் போட வேண்டும், ஏனென்றால் இந்த விஷயம் உனக்குத் தெரியக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். ஒன்றாகக் குடித்தனம் பண்ண ஆரம்பித்த நாளிலிருந்து அவர் சொன்னதை நான் எத்தனை தடவை கேட்டிருக்கிறேன் என்று உனக்கே தெரியும்.

விஷயம் என்னவென்றால் நம் சபையின் பெரிய கோபுரம் விரிசல் விட்டுவிட்டது. நீ சின்ன வயதில் அண்ணன் கோபுரம், தம்பிக் கோபுரம் என்று சொல்லுவாயே, அதில் அண்ணன். பிஸ்கா மலைச் சபை கட்டின காலத்தில் இரண்டையும் ஒரே உயரமாகத்தான் எழுப்ப நினைத்தார்களாம், பிறகு மணி வைக்கிறதை மட்டும் உயர்த்தி, மற்றதைக் குட்டையாக நிறுத்திவிட்டார்கள், அதுதான் அழகு என்று இப்போது படித்தவர்கள் வந்து படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். தம்பி கல்லுக்குண்டு மாதிரி நிற்கிறான், அண்ணன்தான் வாசல் சுவரை விட்டு விலகிக்கொண்டு வருகிறான். முதலில் கூர்வளைவு ஜன்னலுக்கு மேலே மயிரிழை மாதிரி ஒரு கோடு தெரிந்தது. ஈஸ்டருக்குள் விரல் நுழைகிற அளவு ஆயிற்று. ஆகஸ்டில், நம் கோரா லீ, அதுதான் உஷர் குழுவுக்குத் தலைவி, வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு நம்மையெல்லாம் எங்கே உட்கார வேண்டும் என்று விரட்டுவாளே, அவள் தன் காகித விசிறியை அந்த விரிசலுக்குள் செருகிவிட்டு "பாத்தீங்களா, கைப்பிடியோட உள்ள போகுது" என்று எல்லோருக்கும் காட்டினாள். அவள் காட்டியிருக்காவிட்டால் இன்னும் ஒரு வருஷம் நாங்கள் மேலே பார்க்காமல் கீழே பார்த்துக்கொண்டு போயிருப்போம். இப்போது பெரிய வாசலுக்குக் கயிறு கட்டிவிட்டார்கள், பக்கவாட்டுக் கதவு வழியாகத்தான் போய் வருகிறோம். மணியையும் கட்டிவிட்டார்கள், அடித்தால் அதிர்ச்சியில் செங்கல் உதிருமாம். போன மாதம் சகோதரர் டில்மனை மணி அடிக்காமலேயே அடக்கம் பண்ணினோம். பெட்டியைப் பக்கக் கதவு வழியாகச் சாய்த்துச் சாய்த்து வெளியே கொண்டு வந்ததைப் பார்க்க எனக்கு மனசு ஆறவில்லை, உயிரோடு இருந்தபோது அந்த மனுஷன் எந்த வாசலிலும் குனிந்தவர் இல்லை.

அந்தச் செங்கல் எல்லாம் நம் ஆட்கள் ஓடைக் களிமண்ணை மிதித்து, அச்சில் அடித்து, தாங்களே சுட்டது என்பது உனக்குத் தெரியும். வடக்குச் சுவரில் என் அப்பாவின் கட்டைவிரல் பதிந்த செங்கல் ஒன்று இருக்கிறது, நான் அதைத் தொடாமல் ஆராதனைக்குள் போனது கிடையாது. சொல்ல வருகிறது என்னவென்றால், அந்தக் கோபுரம் எனக்கும் ஒன்றும் இல்லாத கோபுரம் அல்ல.

போன மாதம் முதல் ஞாயிறு, ஆராதனை முடிந்ததும் வரச் சொல்லி மான்ட்கமரியிலிருந்து ஒரு இன்ஜினியரைக் கூப்பிட்டார்கள். நம் கறுப்பினத்துப் பையன்தான், மரியாதையான பையன், நல்ல சூட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய உடுப்போடு தரைக்கு அடியில் தவழ்ந்து போனான். வெளியே வந்தபோது முட்டி வரைக்கும் சேறு. கோடை முழுக்க ஒரு சொட்டு மழை இல்லை, மக்காச்சோளமெல்லாம் நின்ற இடத்தில் காய்ந்து போன வருஷம், இவன் காலில் சேறு. "இங்க எங்கேர்ந்து தண்ணி வருது" என்று கேட்டான். எல்லோரும் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், ஊற்று என்றார் ஒருவர், கூரை ஒழுகல் என்றார் ஒருவர். அவன் பிரசங்க பீடத்துக்குப் போய்க் குனிந்து, பலகையில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "கடைசியா எப்ப ஞானஸ்நானம் கொடுத்தீங்க" என்று கேட்டான். கோரா லீயின் பேத்திக்குக் கொடுத்ததுதான் கடைசி, அவள் இப்போது ஹைஸ்கூல் முடிக்கப் போகிறாள். அதற்குப் பிறகு சபையில் சிறுசுகளே இல்லை, எல்லோரும் வடக்கே போய்விட்டார்கள், ஒன்றிரண்டு இருப்பதும் இன்னும் மடியில் இருக்கிற வயது. அப்படியானால் பீடத்தின் பலகைக்குக் கீழே இருக்கிற ஞானஸ்நானத் தொட்டி காய்ந்து கிடக்க வேண்டும் அல்லவா. இன்ஜினியர் பலகையைத் தூக்கினான், உள்ளே படிக்கட்டு மூன்றாவது படி வரைக்கும் தண்ணீர், பளிங்கு மாதிரி. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாகிவிட்டது.

பாஸ்டர் விக்கர்ஸ் முகத்தைப் பார்க்க வேண்டுமே. சின்ன வயசுக்காரர், கொஞ்சம் பயந்த சுபாவம், நீச்சலும் தெரியாது. "நான் இத்தனை நாளும் இதுக்கு மேலயா நின்னு குதிச்சேன்" என்று கேட்டார். யாரால் சிரிப்பை அடக்க முடிந்தது. பிறகுதான் "யாரு தண்ணி விட்டது" என்று கேட்டார், சிரிப்பு நின்றது, உன் அப்பா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு "நான்தான் பாஸ்டர்" என்றார். ஒவ்வொரு மாதமும் முதல் சனிக்கிழமை பலகையைத் தூக்கித் தொட்டியை நிரப்புவாராம், ஞாயிறு முழுக்க இருக்கும், திங்கள் காலையில் அடைப்பைப் பிடுங்கி விட்டுவிடுவாராம். எப்போதும் ஞானஸ்நானம் முதல் ஞாயிறில்தானே. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் விட்டதில்லை. ஏன் என்று கேட்டதற்கு "காய விட்டா சிமெண்ட்டு வெடிச்சிரும்" என்றார். சபைக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற டிரஸ்டி பேசுகிற பேச்சுதானே, பாதிப் பேர் தலையாட்டினார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் வெளியே போகிற மண்குழாய் பீடத்திலிருந்து தெருப்பக்கம் இறங்கி, பெரிய கோபுரத்தின் காலடியில் போகிறது, அது எப்போதோ மூட்டு மூட்டாகக் கழன்றுவிட்டது. மாதாமாதம் ஒரு தொட்டித் தண்ணீர் அண்ணன் கோபுரத்தின் அஸ்திவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. நீ ஊர் ஊராக எண்ணெய்க் குழாய் பற்றவைக்கிறவன், இங்கே உன் அப்பன் குழாயைப் பார்க்க ஆள் இல்லை. இன்ஜினியர் சொன்னது இதுதான்: அஸ்திவாரத்துக்கு அடியில் இருப்பதால் அந்தக் குழாயைத் தோண்டி எடுக்கவும் முடியாது, தொட்டியின் சுவரும் கசிகிறது, பீடத்தைத் தாங்குகிற உத்தரமும் உளுத்துவிட்டது, ஆகையால் தொட்டியைக் கல்லும் கான்கிரீட்டும் போட்டு மூடிவிட வேண்டும், அதற்குப் பிறகுதான் கோபுரத்துக்குக் கீழே தாங்கு வைத்து நிறுத்தலாம். இல்லையென்றால் ஒரு நல்ல மழைக்கு அது சாய்ந்துவிடும்.

ஊர் முழுக்க உன் அப்பாவை என்ன சொல்லியிருக்கும் என்று நீயே நினைத்துக்கொள். கோரா லீ என் முகத்துக்கு நேராகவே "டீக்கன் ஹார்டவே அவரு அப்பா தோண்டுன தொட்டிய அவரு சொத்துன்னு நெனச்சிட்டாரு போல" என்றாள். அவள் சொன்னதில் அரைவாசி சரி, தோண்டினது உன் தாத்தாதான். அதற்கு முன்னால் எல்லோரும் ஆற்றில்தான் முழுகினார்கள், வெள்ளைக்காரர்கள் ஆற்றங்கரைக்கு வேலி போட்டு நம்மை இறங்கவிடாமல் பண்ணினபோது, "ஆத்துக்குப் போக விடலையா, ஆத்த உள்ள கொண்டாருவோம்" என்று பீடத்துக்குக் கீழேயே வெட்டினார்கள். பின்சுவரில் யோர்தான் நதியும் நாணலும் வரைந்திருப்பது அதற்காகத்தான். ஆனால் உன் அப்பா தண்ணீர் விட்டது தாத்தாவுக்காக இல்லை. சிமெண்ட்டுக்காகவும் இல்லை. அது யாருக்காக என்று இந்த ஊரில் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இதைப் படிக்கிற நேரத்தில் உனக்கும் தெரிந்திருக்கும்.

உனக்குப் பன்னிரண்டு வயது. அந்த ஆகஸ்ட் எழுப்புதல் கூட்டத்தில் பையன்கள் எல்லோரும், ஞானஸ்நானம் எடுக்க வருகிறவர்கள் உட்காருகிற முன்பெஞ்சில் வந்து உட்கார்ந்தீர்கள், லூஷியஸ் வந்தான், ஓட்டிஸ் பையன் வந்தான், நீயும் வந்தாய். முதல் ஞாயிறு வந்தது. நான் தைத்த வெள்ளை அங்கி போட்டிருந்தாய், தண்ணீரில் மேலே மிதக்காமல் இருக்க ஓரத்தில் அப்பாவின் தூண்டில் ஈயக் குண்டுகளை வைத்துத் தைத்திருந்தேன். தொட்டி விளிம்பில் வரிசையாக நின்றீர்கள், டீக்கன்களில் ஒருவர் முறைப்படி ஒவ்வொருவனையும் கேட்க வேண்டும், அன்றைக்குக் கேட்க வேண்டிய முறை உன் அப்பாவுடையது. கர்த்தரை உன் சொந்த இரட்சகராக நம்புகிறாயா என்று கேட்டார். லூஷியஸ் ஆமாம் என்றான், ஓட்டிஸ் பையனும் என்ன கேட்டார் என்று காதில் விழுவதற்கு முன்பே ஆமாம் என்றான். நீ மட்டும் அப்பா முகத்தைப் பார்த்து, "தெரியல சார், லூஷியஸ் வந்தான், அதான் நானும் வந்தேன்" என்றாய். பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பழைய பாஸ்டர் "சின்னப் புள்ள, விடுங்க டீக்கன், நடுங்குறான் பாருங்க, இறங்கட்டும்" என்றார். உன் அப்பா "இல்ல பாஸ்டர், இவனுக்கு இன்னும் வேளை வரல, உக்காரட்டும்" என்றார். நீ திரும்பி நடந்து வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாய். மற்றவர்கள் ஒவ்வொருவராக முழுகி எழுந்து பாட்டுப் பாடி முடிகிற வரைக்கும் உன் அங்கியின் ஓரத்து ஈயக் குண்டுகள் பெஞ்சுக்காலில் டக் டக் என்று இடித்துக்கொண்டிருந்தன. நீ காலை ஆட்டிக்கொண்டிருக்கிறாய் என்று நினைத்தேன், குனிந்து பார்த்தபோதுதான் நடுக்கம் என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு நீ முன்பெஞ்சுக்கு வந்ததே இல்லை. நான் இதைக் குத்திக்காட்ட எழுதவில்லை, கண்ணு. மற்ற சபைகளில் தாய் பிள்ளையை மடியில் தூக்கிக்கொண்டு போய் நெற்றியில் தண்ணீர் தெளித்துக்கொண்டு வந்துவிடுகிறாள், அவள் செய்ய வேண்டியது அதோடு முடிந்துவிடுகிறது. நமக்கு அப்படி இல்லை. பெற்றவள் பசிக்கு ஊட்டலாம், காய்ச்சலுக்குக் கஷாயம் கொடுக்கலாம், பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கொண்டுபோய் விடலாம், அந்தத் தண்ணீருக்குள் மட்டும் யாருக்காகவும் யாரும் இறங்க முடியாது, அவனவன் காலால் அவனவன் நடந்து வர வேண்டும். அதைத்தான் உன் அப்பா அன்றைக்குச் செய்தார், சரியாகத்தான் செய்தார், நம் சபையில் அவரைத் தவிர வேறு யாரும் அவ்வளவு சரியாகச் செய்திருக்க மாட்டார்கள், நம்பி வருகிறவன்தான் வர வேண்டும் என்று எல்லோரும் வாயால் சொல்லிக்கொண்டிருந்தபோது இவர் ஒரு பன்னிரண்டு வயதுப் பையனின் சொல்லை மெய்யாகவே எடுத்துக்கொண்டார். அப்படிச் செய்துவிட்டு, அந்த வேளை எப்போது வரும் என்று அன்றிலிருந்து தொட்டியை நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், ஒரு சனிக்கிழமை அவர் சாப்பாட்டை மறந்துவிட்டுப் போனார் என்று சோள ரொட்டியும் பன்றிக்கறியும் கட்டி எடுத்துக்கொண்டு போனேன். வெளியே நல்ல வெயில், உள்ளே வளைந்த பெஞ்சுகள் எல்லாம் காலி, தரை பீடத்தை நோக்கிச் சரிந்து இறங்குகிறதே, அந்தச் சரிவின் கடைசியில் அவர் பேண்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு தொட்டிப் படியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நம் வீட்டுப் பெரிய வெந்நீர்க் கெட்டில். என்ன பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். என்னைத் திரும்பிப் பார்க்காமலேயே "ரொம்பச் சில்லுன்னு இருக்கு ஐடி, எல்ஜினுக்குக் குளிரு ஆகாது" என்றார். நீ அலாஸ்காவில் பனிக்கரடிக்குப் பக்கத்தில் நின்று இரும்பு பற்றவைத்துக்கொண்டிருக்கிறாய், உனக்குக் குளிர் ஆகாதாம். சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சாப்பாட்டைப் பெஞ்சில் வைத்துவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அன்றைக்கே இதைப் பற்றி உனக்கு எழுத வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

போன புதன்கிழமை சபைக் கூட்டம் கூட்டினார்கள். நமக்குப் பிஷப்பும் இல்லை மேலிடமும் இல்லை, ஞானஸ்நானம் எடுத்தவன் ஒவ்வொருவனுக்கும் ஒரு ஓட்டு, முடிவு நம் கையில்தான். அன்றைக்கு ஒரு பிஷப் இருந்து எங்கிருந்தாவது உத்தரவு போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவரைத் திட்டிக்கொண்டாவது இருந்திருக்கலாம். கோரா லீ எழுந்து "ஒரு தொட்டிக்காக ஒரு கோபுரத்த யாராச்சும் குடுப்பாங்களா, முழுகணும்னு யாராச்சும் வந்தா நெடுஞ்சாலைப் பக்கத்துப் புதுச் சபையில கேட்டு முழுக வைப்போம், இப்ப எவன் வர்றான்" என்றாள். நியாயமான பேச்சுதான். பாஸ்டர் உன் அப்பாவைப் பார்த்து "டீக்கன், நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, உங்களுக்காக இந்தச் சபை காத்திருக்கும்" என்றார். அப்பா எழுந்து நின்றார். எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "என் மகனுக்காக" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் எல்ஜின், அந்த ஜனங்கள் உன்னைத் தூக்கி வளர்த்தவர்கள், எத்தனை நாள் வேண்டுமானாலும் பொறுத்திருப்பார்கள், கோரா லீயே கோபுரத்தைக் கையால் தாங்கிக்கொண்டு நின்றிருப்பாள். அவர் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினார், "சொல்றதுக்கு ஒண்ணுமில்ல பாஸ்டர்" என்று உட்கார்ந்துவிட்டார். ஏன் சொல்லவில்லை என்று எனக்குப் புரிந்தது. சொன்னால் அது எப்படியும் உன் காதுக்கு வரும், நீ அப்பாவுக்காக என்று ஓடி வருவாய், அப்படி வந்தால் அது லூஷியஸுக்காக வந்த மாதிரிதான்.

மூட வேண்டும் என்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள் என்றார் பாஸ்டர். எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். ஏன் எழுந்தாய் என்று நீ கேட்பாய், நானே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அந்தக் கோபுரம் தெருவில் விழுந்து பள்ளிக்கூடம் போகிற ஒரு பிள்ளைமேல் விழுந்தால் நான் எந்த முகத்தோடு ஜெபம் பண்ணுவேன். என் அப்பாவின் விரல் பதிந்த சுவரும் அதோடு போகும். உட்கார்ந்திருந்தது உன் அப்பா ஒருவர்தான். என்னை நிமிர்ந்து பார்த்தார், கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ தேவலை. வீட்டுக்கு வருகிற வழியில் வண்டியில் "நீ எந்திரிச்சது சரிதான் ஐடி" என்றார், அப்புறம் வண்டியின் கிளட்ச் பிடிக்கவில்லை என்று வீடு வரைக்கும் அதையே பேசிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பாஸ்டர் ஒரு சலுகை கொடுத்திருக்கிறார், பயந்த மனுஷனானாலும் இரக்கமுள்ளவர். கோபுரத்துக்கு இப்போதைக்கு மரத்தூண்களை முட்டுக் கொடுத்திருக்கிறார்கள். டிசம்பர் முதல் ஞாயிறு மட்டும் கடைசியாக ஒரு தடவை தொட்டியை நிரப்பலாம், ஆனால் அடைப்பைப் பிடுங்கக் கூடாது, ஆண்கள் பாடகர் குழு வாளியால் இறைத்துப் பின்பக்கம் கொண்டுபோய் ஊற்றுவார்கள். ஒரு தடவை கசிவதை மண் தாங்கும் என்று இன்ஜினியரும் ஒப்புக்கொண்டான். மறுநாள் திங்கட்கிழமை கான்கிரீட் வண்டி வருகிறது. இந்த மாதம் தண்ணீர் விடக் கூடாது என்று சொல்லிவிட்டதால் உன் அப்பா இன்றைக்குப் போய்க் காய்ந்த தொட்டியைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருக்கிறார். மூடப் போகிற தொட்டிக்கு எதற்குச் சவுக்காரம் என்று கேட்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, கேட்கவில்லை.

நேற்றுச் சாயங்காலம் சமையலறையில் வந்து நின்றுகொண்டு "ஒரு அங்கி தைச்சு வையி" என்றார். யாருக்கு என்றேன். "யாராச்சும் வந்தா" என்றார். சரி, யாராவது என்பவர் என்ன அளவு என்று கேட்டேன், வேண்டுமென்றேதான் கேட்டேன். கையைத் தன் நெற்றிக்கு நேராக வைத்தார், பிறகு கொஞ்சம் உயர்த்தினார், பிறகு இறக்கினார், அப்படியே கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் என்ன நினைத்தாரோ பின்வாசலுக்குப் போய் நிலையைத் தடவிப் பார்த்தார். போன தடவை நீ வந்தபோது அவசரமாக உள்ளே நுழைந்து நிலையில் தலையை இடித்துக்கொண்டாயே, "ஒரு விரக்கடை குனிஞ்சிருந்தா தப்பிச்சிருப்பான்" என்று சொல்லி அன்றைக்கு அவர் சிரித்தாரே, அதை வைத்து உன் உயரத்தைக் கண்டுபிடித்துவிட்டார். "உயரம் தெரிஞ்சிருச்சு" என்றார். தோள் என்றேன். நான் பெற்ற பிள்ளையின் தோள் எவ்வளவு அகலம் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை, அவர் முற்றத்துக்குப் போய்விட்டார், நான் அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

இப்போது நான் என்ன செய்ய வேண்டும் என்று சொல். வா என்று எழுதினால் அவர் இத்தனை வருஷம் கட்டிக்காத்ததை நானே உடைத்தவள் ஆவேன். நீ அவர்மேல் உள்ள பாசத்தில் வந்து நின்றாலும் தொட்டி விளிம்பில் அவரே அந்தக் கேள்வியை மறுபடியும் கேட்பார், விடமாட்டார், நீயும் பொய் சொல்லத் தெரியாதவன், அப்பாவும் மகனும் அந்த ஜனங்கள் முன்னால் இன்னொரு தடவை அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குச் சக்தி இல்லை. வராதே என்று எழுதினால், திங்கட்கிழமை கான்கிரீட் வண்டிக்குப் பக்கத்தில் அவர் தொப்பியைச் சுற்றிக்கொண்டு நிற்பார், அதையும் நான்தான் பார்க்க வேண்டும். எழுதாமலே இருந்திருக்கலாம், அதுவும் முடியவில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் என் கை வெறுங்கையாக இருக்கிறது. இவ்வளவு ஜெபம் பண்ணுகிறவள், இவ்வளவு பேருக்குப் புத்தி சொல்லுகிறவள், என் சொந்தப் பிள்ளைக்கும் புருஷனுக்கும் நடுவில் ஒரு துரும்பைக்கூட நகர்த்தத் தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். உன் மனசில் விசுவாசம் இருக்கிறதா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அது உனக்கும் கர்த்தருக்கும் நடுவில், அதையும் உன் அப்பாவிடம்தான் படித்தேன்.

வேலையிடத்தில் ஈரக் கையுறையோடு பற்றவைக்காதே. காதை மூடுகிற தொப்பி போட்டுக்கொள். டப்பா உணவையே தின்று வயிற்றைக் கெடுத்துக்கொள்ளாதே, பீகான் கொட்டை உடைத்துக் காயவைத்திருக்கிறேன், வருகிற வாரம் பார்சலில் போடுகிறேன். அப்பா ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது வழக்கம்போல அங்கே எத்தனை டிகிரி என்றுதான் கேட்பார், நீயும் வழக்கம்போல டிகிரியையே சொல்லு, நான் எழுதினதைக் காட்டிக்கொள்ளாதே. உன்னை எனக்குக் கொடுத்த தேவன் உன் போக்கையும் வரத்தையும் காத்து, நீ நிற்கிற பனி உன் காலுக்குக் கீழே உடையாமல் தாங்கட்டும்.

ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. வேறு எதுவும் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. வெள்ளைத் துணி வாங்கி மேசைமேல் விரித்து வைத்திருக்கிறேன், ஓரத்துக்கு வேண்டிய ஈயக் குண்டுகளைத் தூண்டில் பெட்டியிலிருந்து எடுத்துத் துணிமேல் வைத்துவிட்டுத்தான் அப்பா இன்றைக்குச் சபைக்குப் போயிருக்கிறார். உன் தோள் அளவு எனக்கு வேண்டும். உயரம் எழுத வேண்டாம், அதைப் பின்வாசல் நிலையில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார்.

உன் அம்மா,
ஐடெல்லா ஹார்டவே